ஊர்க் கோயிலும் ஊர்க் கண்மாயும் இணையத்துக்குப் போகட்டும்: வாசகர் கேள்வி, பேராசிரியை பதில்

கல்லூரி மாணவர்களை எல்லோரும் படிக்கிற இடத்தில், இணையத்தில், தமிழில் எழுதவைப்பது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். மதுரைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் எடுக்கிறேன். அந்த வகுப்பில் பார்த்ததை வைத்தே பேசுகிறேன்.

கல்லூரி ஆசிரியை, கரூர்: மாணவர்களுக்கு இணையத்தில் எழுதக் கற்றுக்கொடுக்கச் சொல்லி எனக்கு இந்தப் பருவம் ஒரு வகுப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

கணக்குத் தொடங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வகுப்புக்குத் தாளும் பேனாவும் போதும். “உன் ஊரைப் பற்றி உனக்கு உறுதியாகத் தெரிந்த ஐந்து வாக்கியம் எழுது” என்று சொல்லுங்கள். எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் அதில் ஒரு வாக்கியம் “எங்கள் ஊர்க் கோயில் ஆயிரம் ஆண்டுகள் பழமை வாய்ந்தது” என்றிருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பருவம் முழுக்க நடத்த வேண்டியது அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

ஆயிரம் என்று யார் சொன்னது? அர்ச்சகர். அவருக்கு யார் சொன்னது? தலபுராணம். கோயிலில் கல்வெட்டு உண்டா? உண்டு, சுண்ணாம்பு அடித்துப் பாதி மறைந்துபோய். அதை யாராவது படித்துப் பதிப்பித்திருக்கிறார்களா? இந்தக் கேள்வியில்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வந்தது. அதற்குப் பின் எத்தனையோ தொகுதிகள். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் கல்வெட்டுத் தொகுதிகள் வெளியிட்டிருக்கிறது. இவற்றில் தன் ஊர்ப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கிற பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்தவுடன் ஓடிவருவார்கள். “சடையவர்மன் சுந்தரபாண்டியன் என்று இருக்கிறது மேடம், 1251இல் பட்டத்துக்கு வந்தவர்தானே?” கொஞ்சம் பொறு என்று சொல்ல வேண்டிய இடம் அது. பாண்டியர்கள் சடையவர்மன், மாறவர்மன் என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டவர்கள். சடையவர்மன் சுந்தரபாண்டியன் என்ற பெயரிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட அரசர்கள் இருந்திருக்கிறார்கள். ஆட்சியாண்டு, நாள், விண்மீன் குறிப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டு அறிஞர்கள் முடிவு சொல்லும் விஷயம் இது. பதிப்பில் அந்த முடிவு இருந்தால் அதை எடுத்துச் சொல்லலாம். இல்லையென்றால், “கோயிலின் தென்சுவரில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் பெயரில் ஒரு கல்வெட்டு உள்ளது” என்று எழுதி, தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் கொடுத்து அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆயிரம் ஆண்டு காணாமல்போய்விடும். அதில் பிள்ளைகளுக்கு வருத்தம்தான். ஆனால் இந்த வரியைப் பற்றி யார் கேட்டாலும் அந்தப் பிள்ளை எழுந்து நின்று பதில் சொல்லும்.

பதில் சொல்ல முடிவதைத்தான் நான் முதலில் கற்பிக்கிறேன். தேர்வுத்தாளை நாம் ஒருவர் மட்டும் படிக்கிறோம், அதுவும் நாற்பது தாளுக்கு நடுவே. பொதுவில் எழுதுவதை அந்த ஊர்க்காரர் படிப்பார், கல்வெட்டு தெரிந்தவர் படிப்பார். ஆகவே ஐந்து வாக்கியத்தையும் வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதே ஊரிலிருந்து, அல்லது பக்கத்து ஊரிலிருந்து வரும் இன்னொரு பிள்ளை நிச்சயம் “அப்படி இல்லை மேடம்” என்று கை தூக்கும்.

அதன்பிறகு தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போங்கள். 2003இல் தொடங்கியது, 2017இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டியது. நம் கிராம ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு சிறு கட்டுரை இருக்கிறது. அரசுத் தரவுகளை வைத்து மொத்தமாக உருவாக்கியவை. மக்கள்தொகை, கைக்குழாய் எத்தனை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எத்தனை, ஊரணி எத்தனை, எந்தெந்தச் சிற்றூர்கள் அந்த ஊராட்சிக்குள் வருகின்றன என்று பட்டியல் இருக்கும். தன் ஊர்ப் பக்கத்தைத் திறந்ததும் பிள்ளைகள் முதலில் தேடுவது தன் தெரு இருக்கும் சிற்றூரின் பெயரைத்தான். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தட்டும். புதுக் கட்டுரை ஆரம்பிப்பதைவிட இருக்கிற கட்டுரையில் இரண்டு வரி சேர்ப்பது நல்ல தொடக்கம். எழுதிப் பழக “மணல்தொட்டி” என்று ஒரு பக்கம் எல்லோருக்கும் உண்டு. ஒரு மாதமாவது அங்கேயே விளையாடட்டும்.

துறைத் தலைவர், நாமக்கல்: ஒரு கட்டுரைக்கு இத்தனை என்று அகமதிப்பீட்டு மதிப்பெண் கொடுக்கலாமா? எங்கள் கல்லூரியில் 25 மதிப்பெண் இருக்கிறது.

தயவுசெய்து வேண்டாம். 2011இல் புனேயில் சில கல்லூரிகளில் இது நடந்திருக்கிறது. பாடத்தின் பகுதியாக மாணவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுத வேண்டும் என்று பெரிய அளவில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல நோக்கம்தான். எழுதிக் காட்ட வேண்டிய நெருக்கடியில் பல மாணவர்கள் பாடநூல்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் பத்தி பத்தியாக எடுத்துப் போட்டுவிட்டார்கள். அங்கே சம்பளம் இல்லாமல் வேலை செய்யும் தன்னார்வலர்கள் அதையெல்லாம் தேடித் தேடி நீக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே திட்டத்தை நிறுத்தினார்கள். மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளியிலிருந்து அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுத்ததே “நோட்ஸைப் பார்த்து எழுது” என்பதுதானே.

என் வகுப்பில் எண்ணிக்கைக்கு மதிப்பெண் கிடையாது. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் “வரலாறு” உண்டு, யார் எந்த நேரத்தில் எதை மாற்றினார்கள் என்று வரி வரியாகத் தெரியும். பக்கத்தில் “உரையாடல்” என்று இன்னொன்று. முன்பின் அறியாத ஒருவர் “இதற்குச் சான்று என்ன?” என்று கேட்டிருப்பார். அதற்கு மாணவர் என்ன பதில் எழுதினார், மரியாதையாக எழுதினாரா, சான்று கொண்டுவந்தாரா, கிடைக்காதபோது தன் வரியைத் தானே எடுத்தாரா என்று பார்த்துத்தான் போடுகிறேன். இரண்டே வரி சேர்த்த ஒரு மாணவிக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்த இரண்டு வரிக்கு நடந்த உரையாடல் அப்படி.

வாசகர், விருதுநகர்: பிள்ளைகள் எல்லாவற்றையும் தங்கிலீஷில் தட்டுகிறார்களே?

தட்டட்டும். பெரும்பாலான கைபேசிகளில் அப்படித் தட்டினாலே தமிழ் எழுத்து வருகிறது. கணினியில் நிறைய எழுதப்போகும் பிள்ளைக்கு 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள், விரல் வேகம் கூடும். உண்மையான சிக்கல் நம் தலைமுறையிடம் இருக்கிறது. துறையின் பழைய ஆய்வுக்கட்டுரைகள் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றை அப்படியே இணையத்தில் ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும், தேடினாலும் கிடைக்காது. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றெழுத்தும் கொம்பும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை படித்துவிடுங்கள்.

உதவிப் பேராசிரியர், திருச்சி: எதை எழுதச் சொன்னாலும் சாட்ஜிபிடியில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இனி எழுதச் சொல்வதில் என்ன பயன்?

“சுற்றுச்சூழல் மாசு” என்று தலைப்பு கொடுத்தால் அங்கேதான் போவார்கள். அந்தத் தலைப்பில் மாணவருக்கென்று சொல்ல ஒன்றுமில்லை. “உன் ஊர்க் கண்மாய்” என்று கொடுத்துப் பாருங்கள்.

கண்மாய்க்கு எத்தனை மடை? கலுங்கு எந்தப் பக்கம்? மறுகால் போனால் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகும்? தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சி இன்னும் இருக்கிறாரா, அவருக்குக் கூலி நெல்லாகவா பணமாகவா? கண்மாய் யாருடையது? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகள் “ஊருடையது” என்றுதான் எழுதிக்கொண்டு வருவார்கள். நாற்பது ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதை அறிய ஒன்றிய அலுவலகத்துக்கோ கிராம நிர்வாக அலுவலரிடமோ ஒரு நடை போய்த்தான் ஆக வேண்டும். இயந்திரம் சரளமாக ஒரு பக்கம் எழுதித் தரும், ஆனால் அந்த ஊரின் மூன்றாவது மடை ஏன் அடைபட்டுக் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்று: மேற்கோள் காட்டும் ஒவ்வொரு நூலுக்கும் முகப்புப் பக்கத்தையும் மேற்கோள் உள்ள பக்கத்தையும் படம் எடுத்துத் தர வேண்டும் என்பது என் வகுப்பின் விதி. இல்லாத நூலுக்கு இயந்திரம் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் நம்பும்படி கொடுத்துவிடும். இந்த விதி வந்தபிறகு அப்படிப்பட்ட நூல்கள் என் மேசைக்கு வருவதில்லை. நூலுக்கு எங்கே போவது என்று பிள்ளைகள் கேட்டால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் காட்டுங்கள். மதுரை மாவட்டப் பிள்ளையாக இருந்தால் 1906இல் வந்த மாவட்ட கெசட்டியரையும், நெல்லைப் பிள்ளையாக இருந்தால் 1917இல் வந்ததையும் கையில் கொடுங்கள். ஆங்கிலம்தான், ஆனால் தன் ஊரைப் பற்றி என்றால் அகராதியை வைத்துக்கொண்டாவது படிக்கிறார்கள்.

நீர்பாய்ச்சி சொன்னதை விக்கிப்பீடியாவில் போட முடியாது, அங்கே ஏற்கெனவே வெளிவந்த சான்று வேண்டும். எனவே நேர்காணல்களைத் துறையின் இணைய இதழில் போடுகிறோம். அவர் பேசியதை எழுதி அவருக்கே படித்துக் காட்டி, சரி என்று சொன்னபிறகுதான் வெளியிடுவது. பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லை.

ஒரு தந்தை, திருவண்ணாமலை: என் மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இணையத்தில் எழுதினால்தான் மதிப்பெண் என்கிறார்களாம். பெண் பிள்ளையின் பெயர் இணையத்தில் வருவதில் எனக்கு விருப்பமில்லை. மறுத்தால் படிப்புக்குக் கெடுதல் வருமோ?

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. இதைக் கேட்காத கல்லூரிகள்தான் தவறு செய்கின்றன.

முதலில், எந்த மாணவரையும் சொந்தப் பெயரில் எழுதக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும். விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்க உண்மைப் பெயர் தேவையில்லை, மின்னஞ்சல் முகவரிகூடக் கட்டாயமில்லை. மகள் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும். பதிவு எண், கல்லூரிப் பெயர், பிறந்த ஆண்டு எதுவும் அந்தப் பெயரில் கலக்கக் கூடாது. எந்தப் பெயர் யாருடையது என்ற பட்டியல் ஆசிரியரின் குறிப்பேட்டில் மட்டும் இருக்க வேண்டும். பயிலரங்கம் முடிந்ததும் குழுப் படம் எடுத்து, பெயர்களோடு கல்லூரிப் பக்கத்தில் போடும் வழக்கம் இருக்கிறதே, அதற்கு மாணவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை எல்லோர் முன்னாலும் காரணம் கேட்கக் கூடாது.

அடுத்து, படங்கள். கைபேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கலாம். விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேரும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் அந்த விவரம் படத்தின் கீழேயே எல்லோருக்கும் தெரியும். கோயில் கோபுரத்தின் படத்துக்கு அது நல்லது. வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்த படத்துக்கு நல்லதல்ல. கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிடச் சொல்லுங்கள். அழித்தால் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம். விக்கிப்பீடியாவில் பழைய பதிப்புகள் வரலாற்றில் நிற்கும், மற்ற இடங்களில் யாராவது திரைப்பிடிப்பு எடுத்திருப்பார்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழில் இணையத்தில் எழுதுபவர்களில் பெண்கள் குறைவு. அதனால் பெண்களுக்குத் தெரிந்த விஷயங்களும் குறைவாகத்தான் இருக்கின்றன: முளைப்பாரி எப்படிப் போடுவது, எந்தக் குலவைப் பாட்டு எந்தச் சடங்குக்கு, ஊரணித் தண்ணீரைத் தேற்றாங்கொட்டையால் எப்படித் தெளியவைப்பார்கள். உங்கள் மகள் எழுதட்டும். எந்தப் பெயரில் என்பதை அவளே முடிவுசெய்யட்டும். மதிப்பெண்ணைப் பற்றி: பொதுவில் வெளியிட விரும்பாத மாணவருக்கு அதே வேலையைத் தாளில் செய்து கொடுக்கும் வழி இருக்க வேண்டும். அதைக் கல்லூரியிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கடிதமாகவே கொடுங்கள்.

மாணவன், நாகர்கோவில்: ஏதாவது எழுதினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

தம்பி, அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் ஒரு பந்த் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக ஓர் இளம்பெண்ணையும், அதற்கு விருப்பக்குறி போட்ட இன்னொரு பெண்ணையும் கைது செய்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். இணையத்தில் பிறரைப் புண்படுத்தும்படி எழுதினால் கைது செய்ய இடம்கொடுத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று 2015 மார்ச் 24இல் தீர்ப்பு வந்தது. உன்னைப் போன்ற ஒரு மாணவி வாங்கிக்கொடுத்த உரிமை அது, வகுப்பில் இதை ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன்.

ஆனால் மற்றச் சட்டங்கள் இருக்கின்றன. அவதூறு இன்றும் குற்றம்தான், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆவது பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. “உண்மையைத்தானே எழுதினேன்” என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காக எழுதினேன் என்றும் காட்ட வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். “நீதி வேண்டும்” என்று நல்லெண்ணத்தில் படத்தைப் பகிர்ந்தாலும் குற்றம்தான். பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான், அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய துன்பம் என்று நினைத்துப்பார். பேராசிரியர் மேல் கோபம் என்றால் இரவில் எழுதாதே, காலையில் புகார் மனுவாக எழுது. எப்படி எழுதுவது என்று உன் தமிழ் ஆசிரியரிடமே கேட்கலாம்.

நூலகர், தஞ்சாவூர்: கூகுளில் கிடைக்கும் படத்தையும் பழைய நூல்களையும் பயன்படுத்தலாமா?

கூகுள் படத்தைக் காட்டுகிறதே தவிர அதன் சொந்தக்காரர் இல்லை. எடுத்தவரின் அனுமதி வேண்டும், அல்லது மற்றவரும் பயன்படுத்தலாம் என்று எடுத்தவரே முன்கூட்டி அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்க வேண்டும். மாணவரே எடுத்தால் சிக்கலே இல்லை. நூல் என்றால், நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை. உ.வே.சா. மறைந்தது 1942. 2002ஆம் ஆண்டு முடிவோடு அவர் எழுத்து பொதுவுடைமை. அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அவற்றில் ஏராளமானவை, விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான இணைய நூலகம் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்க ஆளில்லாமல் காத்திருக்கின்றன. நூல் பக்கத்தின் படத்தை அருகில் வைத்துக்கொண்டு எழுத்தைத் திருத்தும் வேலை. எழுதத் தயங்கும் மாணவருக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். ஒரு பருவத்தில் சந்தி தானாக வந்துவிடுகிறது.

ஆசிரியை, வவுனியா: எங்கள் மாணவர்களுக்குச் சான்று தேடப் பழைய நூல்களும் பத்திரிகைகளும் எங்கே கிடைக்கும்?

நூலகம் திட்டத்தின் இணைய நூலகத்தில். 2005 முதல் ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், நினைவு மலர்களைச் சேர்த்துவருகிறார்கள். பள்ளி மலர்களும் சனசமூக நிலைய மலர்களும்கூட இருக்கின்றன. ஊர் வரலாறு எழுதும் மாணவருக்கு அவை பொன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த மண்ணில் இப்படி ஒரு சேகரம் எழுந்திருப்பதை எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். உங்கள் மாணவர் வீடுகளில் பழைய மலர்கள் இருந்தால் வருடி (ஸ்கேன் செய்து) அனுப்பச் சொல்லுங்கள்.

மாணவி, தேனி: எங்கள் ஊரில் கும்மிப் பாட்டுக் கட்டும் ஒரு தாத்தாவைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதினேன். இரண்டே நாளில் நீக்கிவிட்டார்கள். மிகவும் வருத்தமாக இருக்கிறது. இனி எழுத மாட்டேன் என்று தோன்றுகிறது.

அம்மா, உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. தாத்தா பெரியவர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவரைப் பற்றி வேறு யாரும் இதுவரை எழுதி வெளியிடவில்லை என்பதால் உன் கட்டுரையைச் சரிபார்க்க அவர்களுக்கு வழியில்லை. 2005இல் ஒரு மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி, கென்னடி கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் யாரோ பொய் எழுதினார்கள். நான்கு மாதம் அது அப்படியே இருந்தது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது இவ்வளவு கடுமை காட்டுவது அதுபோன்றவற்றால்தான்.

இப்போது நீ செய்ய வேண்டியது: நீக்கிய கட்டுரையின் உரை உன்னிடம் இல்லையென்றால் தமிழ் விக்கிப்பீடியர்கள் பொதுவாகக் கலந்துபேசும் ஆலமரத்தடிப் பக்கத்தில் கேள், நிர்வாகிகளால் அதை எடுத்துத்தர முடியும். தாத்தாவிடம் போய் அனுமதி கேட்டு, பாட்டுகளைக் கைபேசியில் பதிவு செய். ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த ஆண்டு கட்டியது, எந்தத் திருவிழாவுக்கு, உடன் பாடியவர்கள் யார் என்று கேட்டு எழுது. அதை ஒரு கட்டுரையாக்கி உன் கல்லூரி ஆய்விதழுக்கோ நாட்டார் வழக்காற்றியல் இதழ் ஒன்றுக்கோ உன் ஆசிரியர் வழியாக அனுப்பு. இந்த இதழுக்கும் ஒரு படி அனுப்பலாம், நான் படித்துக் கருத்து எழுதி அனுப்புகிறேன். நான்கு பாட்டுகள் முழுதாக இருக்கட்டும். ஒலிப்பதிவில் கேட்காத சொல் இருந்தால் நீயாக நிரப்பாதே, புள்ளி வைத்து விடு, அடுத்த முறை போகும்போது தாத்தாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.